உங்க ஒரு மணி நேரம் என்ன விலை? கன்சல்ட்டிங் வேலைக்குச் சேரும் முன் தெரிய வேண்டிய கணக்கு

“கன்சல்ட்டிங் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கும்மா!”

“ரொம்ப சந்தோஷம்ப்பா... ஆமா, அது என்ன வேலை?”

ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராது. தாத்தா டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர், அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர் என்றால் ஒரே வார்த்தையில் விஷயம் முடிந்துவிடும். டேங்க்கைக் கண்ணால் பார்க்கலாம். கடைந்தெடுத்த இரும்பைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பிள்ளை சேரப்போகும் கம்பெனி எதைச் செய்து விற்கிறது? பி.பி.டி-யையா? எக்செல் ஷீட்டையா?

ரெண்டும் இல்லை. அந்த கம்பெனி விற்பது உங்கள் நேரத்தை. கிளையன்ட்டுக்குப் போகும் பில்லில் இருப்பது பெரும்பாலும் ‘இத்தனை பேர், இத்தனை மணி நேரம்’ என்ற கணக்குதான். இது ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஏன் வாரா வாரம் டைம்ஷீட் கேட்டு மெயில் வருது, ‘பெஞ்ச்’னு சொன்னா ஏன் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குது, கம்பெனி வளர வளர உங்க சாயங்காலம் ஏன் சுருங்குது... எல்லாம்.

யார் இவங்க?

‘புரொஃபஷனல் சர்வீசஸ்’ என்பது பெரிய குடை. கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்பவர்கள், வரி பார்ப்பவர்கள், ‘உங்க பிசினஸை இப்படி நடத்துங்க’ என்று ஆலோசனை சொல்பவர்கள், சாப் மாதிரி மென்பொருளைக் கொண்டுவந்து பொருத்துபவர்கள், டேட்டாவை அலசிக் கொடுப்பவர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள்.

டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகிய நான்கைத்தான் ‘பிக் ஃபோர்’ என்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் உலகம் முழுக்க ஒரே கம்பெனி அல்ல. நாட்டுக்கு நாடு தனித்தனி நிறுவனங்கள் ஒரே பெயரின் கீழ் கைகோத்திருக்கும் வலைப்பின்னல்தான். அதனால் ‘பிக் ஃபோர்ல வேலை’ என்று ஆஃபர் வந்தால், ஆஃபர் லெட்டரில் இருக்கும் சட்டப்படியான நிறுவனப் பெயரைப் படியுங்கள். வெளிநாட்டு அலுவலகங்களுக்குப் பின்னணி வேலை செய்து கொடுக்கும் பிரிவும், இந்திய கிளையன்ட்டை நேரில் பார்க்கும் பிரிவும் வேறு வேறு. வேலை நேரம், கற்றுக்கொள்ளும் விஷயம், அடுத்து போகக்கூடிய இடம் எல்லாமே மாறும்.

இவர்களைத் தவிர பிரம்மய்யா அண்ட் கோ மாதிரி பழைய ஆடிட் நிறுவனங்கள் சென்னையில் உண்டு. தி.நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் மாடியில் முப்பது பேரோடு நடக்கும் சிறிய நிறுவனங்களும் ஏராளம். பட்டாபிராம் இந்துக் கல்லூரியிலோ பூந்தமல்லி பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரிகளிலோ படித்து வெளியே வருபவர்களில் பலருக்கு முதல் வாய்ப்பு கிடைப்பது இந்த மாதிரி ‘இப்போதான் வளர்ந்துட்டு இருக்கோம்’ என்று சொல்லும் நிறுவனங்களில்தான்.

சங்கு ஊதின காலம்

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் தொடங்கி, 1965-ல் முதல் விஜயந்தா டேங்க்கை வெளியே கொண்டுவந்தது. (2021 அக்டோபர் முதல் அது ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.) இந்த வட்டாரத்தில் இரண்டு தலைமுறை, சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்று வளர்ந்தது.

அந்தத் தலைமுறைக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: ஓ.டி. பார்த்தால் காசு. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவு, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று சொன்னது. எத்தனையோ வீடுகளின் மாடி அந்த ஓ.டி. பணத்தில் எழும்பியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேனேஜ்மென்ட் கன்சல்ட்டிங் என்ற தொழிலின் வேரே தொழிற்சாலையில்தான் இருக்கிறது. 1893-ல் அமெரிக்காவில் தன்னை ‘கன்சல்ட்டிங் இன்ஜினீயர்’ என்று அறிவித்துக்கொண்டு தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் டெய்லர், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று தொழிலாளியின் ஒவ்வோர் அசைவுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்த மனிதர். பிறகு 1926-ல் ஜேம்ஸ் மெக்கின்சி சிகாகோவில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்தவன் நேரத்தை அளந்து கொடுப்பதில் ஆரம்பித்த தொழில், இன்று தன் ஆட்களின் நேரத்தை அளந்துகொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தை ஆறு ஆறு நிமிடமாகப் பிரித்து எழுதும் பழக்கம் பாஸ்டன் வழக்கறிஞர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித்தின் அலுவலகத்தில் இருந்து வந்தது என்பார்கள். இன்றைக்கும் சில டைம்ஷீட்களில் 0.1 மணி நேரம் என்று ஒரு கட்டம் இருக்கும். அது அந்த ஆறு நிமிடம்தான்.

ஆனால், தாத்தாவின் கார்டுக்கும் பேத்தியின் டைம்ஷீட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். தாத்தாவின் கார்டில் 11 மணி நேரம் பதிவானால் சம்பளம் கூடும். பேத்தியின் டைம்ஷீட்டில் 11 என்று போட்டால் பல இடங்களில் மேனேஜரிடம் இருந்து போன் வரும்.

மணி நேரக் கணக்கு

ஏன் போன் வருது? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

புதிதாகச் சேர்ந்த உங்களை, மணிக்கு 1,500 ரூபாய் என்று கிளையன்ட்டிடம் நிறுவனம் விலை சொல்கிறது. மாதம் 22 வேலை நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 176 மணி நேரம். இதில் பயிற்சி, லீவு, உள் மீட்டிங் எல்லாம் போக 80 சதவிகிதம் கிளையன்ட் வேலை என்று வையுங்கள். இந்தச் சதவிகிதத்துக்குத்தான் ‘யூட்டிலைசேஷன்’ என்று பெயர். சுமார் 140 மணி நேரம். மாதம் 2,10,000 ரூபாய் உங்கள் பெயரில் வருமானம். உங்கள் சம்பளம் 45,000.

மீதி எங்கே போகுதுன்னு கோபப்பட அவசரப்படாதீங்க. அலுவலக வாடகை, ஹெச்.ஆர்., பெஞ்சில் இருப்பவர்களின் சம்பளம், கிடைக்காமல் போன புராஜெக்ட்டுக்காக மேனேஜர்கள் உழைத்த நேரம் எல்லாம் இதில் இருந்துதான். கடைசியில் மிஞ்சுவது பார்ட்னர்களின் லாபம். ஒரு பார்ட்னருக்குக் கீழே எத்தனை ஜூனியர்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான இயந்திரம். மேலே ஒருவர், நடுவே சிலர், கீழே பலர் என்ற பிரமிடு. கீழே இருப்பவர்கள் சில வருடங்களில் ஒன்று மேலே போக வேண்டும், இல்லையென்றால் வெளியே போக வேண்டும். பெரிய நிறுவனங்களில் இது எழுதப்பட்ட கொள்கையாகவே இருந்திருக்கிறது. சின்ன நிறுவனங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த போன் காலுக்கு வருவோம். நிறைய புராஜெக்ட்கள் மணிக்கணக்கில் அல்ல, மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசி முடிக்கப்படுகின்றன. 600 மணி நேரத்தில் முடியும் என்று கணக்குப்போட்டு விலை சொல்லியாச்சு. உண்மையில் 800 ஆகிறது. கிளையன்ட் கூடுதலாகத் தர மாட்டார். அந்த 200 மணி நேரத்தை நாலு பேர் டீம் தலைக்கு 50 என்று பகிர்ந்துகொள்கிறது. அதையும் டைம்ஷீட்டில் காட்டினால் புராஜெக்ட்டின் லாபம் குறைந்து மேனேஜரின் ரிப்போர்ட் கார்டில் சிவப்பு விழும். அதனால், “எட்டுக்கு மேல போடாத, பாத்துக்கலாம்” என்று மெதுவாகச் சொல்வார். ஆங்கிலத்தில் இதை ‘மணி நேரத்தைச் சாப்பிடுவது’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். பொருத்தமான பேர்தான். சாப்பிடுவது உங்கள் ராத்திரியை.

இதில் நஷ்டம் உங்கள் தூக்கம் மட்டுமில்லை. 800 மணி நேர வேலை 600 என்று பதிவானதால், அடுத்த வருடம் அதே வேலைக்கு மறுபடியும் 600 என்றுதான் விலை போகும். அடுத்து சேரும் ஜூனியருக்கும் அதே ராத்திரி. டீமுக்கு இன்னொரு ஆள் தேவை என்பது எந்த ரிப்போர்ட்டிலும் தெரியவே தெரியாது. ஒருவர் நல்ல பெயர் எடுப்பதற்காக மறைக்கும் நேரம், அந்த நாற்காலியில் பின்னால் உட்காருகிற எல்லோர் தலையிலும் விழுகிறது. தணிக்கை வேலையில் இது இன்னும் ஆபத்து. நேரம் இல்லாமல் பார்க்காத வவுச்சரைப் ‘பார்த்தேன்’ என்று டிக் அடிப்பதில்தான் அது போய் முடியும். ஃபைலில் இருப்பது உங்கள் கையெழுத்து.

என்ன செய்யலாம்? “போட மாட்டேன் சார்” என்று முதல் வருடத்திலேயே மல்லுக்கு நிற்க எல்லோராலும் முடியாது. ஆனால் உண்மையான நேரத்தை உங்கள் சொந்த நோட்டில் எழுதி வைக்கலாம். கிளையன்ட் பெயர், விவரம் எதுவும் வேண்டாம், தேதியும் நேரமும் போதும். வேலை தள்ளிப்போகிறது என்று தெரிந்த அன்றே, “இந்த வேலைக்கு நினைச்சதை விட இன்னும் 30 மணி நேரம் ஆகும்போல இருக்கு” என்று மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டிவிடலாம். சண்டை மாதிரியும் இருக்காது. ஆனால் பதிவாகிவிடும். நல்ல மேனேஜர் அதை வைத்துதான் கிளையன்ட்டிடம் பேசுவார்.

‘வளரும்’ நிறுவனம்னா?

சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2006-ல் வெங்கட் விஸ்வநாதனும் பிரமத்வதி ஜந்தியாலாவும் சென்னையில் தொடங்கிய லேட்டன்ட்வியூ அனலிட்டிக்ஸ், டேட்டாவை அலசி ஆலோசனை சொல்லும் நிறுவனம். தரமணி ராமானுஜன் ஐ.டி. சிட்டியில் அலுவலகம். 2021 நவம்பரில் 600 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது 300 மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. 197 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு, பட்டியலான அன்று 500 ரூபாயைத் தாண்டித் திறந்தது. அதற்கு முந்தைய நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் வருமானம் சுமார் 306 கோடி, லாபம் சுமார் 91 கோடி. இயந்திரம் கிடையாது, குடோன் கிடையாது, மூலப்பொருள் கிடையாது. ஆட்களும் அவர்கள் நேரமும்தான். அதை வைத்து இவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்காகத்தான் எல்லோரும் ‘வளரும் நிறுவனம்’ என்ற வார்த்தையை ஆசையாகச் சொல்கிறார்கள்.

எல்லா நிறுவனமும் அப்படி வளர்ந்துவிடாது என்பது ஒரு பக்கம். வளரும்போது உள்ளே இருப்பவருக்கு என்ன நடக்கும் என்பது இன்னொரு பக்கம். ஆட்கள் சேர்வதற்கு முன்பே புராஜெக்ட் வந்துவிடும். இரண்டு வருட அனுபவம் உள்ளவர் திடீரென டீம் லீடர் ஆவார். ஆள் நடத்தவும் விலை பேசவும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நிறுவனரின் வாட்ஸ்அப் ஞாயிற்றுக்கிழமையும் வரும். ‘நாம எல்லாம் ஒரே ஃபேமிலி’ என்ற வசனம் வரும். குடும்பத்தில் ஓ.டி. கேட்க முடியாது இல்லையா, அதனாலேயே எனக்கு அந்த வசனத்தின் மீது நம்பிக்கை கிடையாது.

ஆனாலும், முதல் மூன்று வருடத்துக்கு இந்த மாதிரி இடம் மோசம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய நிறுவனத்தில் ஒரு ஷீட்டின் ஒரு மூலையை ஒரு வருடம் பார்ப்பீர்கள். சின்ன, வளரும் நிறுவனத்தில் காலையில் ஜி.எஸ்.டி. நோட்டீஸுக்குப் பதில், மதியம் கிளையன்ட் மீட்டிங்கில் குறிப்பு எடுப்பது, சாயங்காலம் புரொபோசலுக்கு விலைக் கணக்கு என்று முழு கடையையும் பார்க்கலாம். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கற்றுக்கொடுக்க மேலே ஆள் இருக்கிறாரா? நீங்கள் செய்ததைத் திருத்தித் தர ஒருவர் இல்லாத இடத்தில் மூன்று வருடம் என்பது, ஒரே வருட அனுபவத்தை மூன்று முறை வாழ்வது.

இன்டர்வியூவுக்குப் போகும் முன் ஒரு சின்ன வீட்டுப்பாடம். சேரப்போகும் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலான பெரிய நிறுவனம் என்றால், அதன் ஆண்டறிக்கையில் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பகுதி இருக்கும். சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் இதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு எத்தனை சதவிகிதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். போனிலேயே பி.டி.எஃப்-ஐத் திறந்து தேடிப் பார்க்கலாம். பார்ட்னர்ஷிப் நிறுவனங்களில் இந்த அறிக்கை இருக்காது. அங்கே நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: “நான் வரப்போற இடத்துல முன்னாடி இருந்தவங்க இப்போ எங்க இருக்காங்க?” ‘புரமோஷன்ல மேல போயிட்டாங்க’ என்றால் ஒரு கதை. பதில் சொல்வதற்கு முன் ஒரு இருமல் வந்தால் வேறு கதை.

ஒரு வருடம் எப்படிப் போகும்?

முதல் வருடத்தில் ஆலோசனை சொல்லவெல்லாம் விட மாட்டார்கள். கிளையன்ட்டிடம் டேட்டா கேட்டு மெயில், வராத டேட்டாவுக்கு ரிமைண்டர், வந்த டேட்டாவைச் சுத்தம் செய்வது, ஸ்லைடில் அம்புக்குறியை நேராக்குவது. இதுதான் நிஜம். சலிப்பாக இருக்கும். ஆனால் டேட்டாவைச் சுத்தம் செய்யும்போதுதான் ஒரு கம்பெனி உண்மையில் எப்படி ஓடுகிறது என்பது பிடிபடும்.

கணக்கு, வரிப் பக்கம் என்றால் காலண்டரே தனி. மாதத்தின் 11, 20 தேதிகள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். ஜூலை இறுதி, செப்டம்பர் இறுதி, அக்டோபர் இறுதி வருமான வரிக் கெடுக்கள். அரசு தேதியைத் தள்ளிவைக்குமா என்று கடைசி வாரம் முழுக்க ஆபீஸே எதிர்பார்த்துக் காத்திருக்கும். அமெரிக்க கிளையன்ட் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை நெருக்கடி. அந்த மாதங்களில் அக்கா கல்யாணம் வருதுன்னா, சேரும்போதே சொல்லிடுங்க.

மார்ச் 31 மட்டும் ஆடிட் பசங்களுக்கு ஒரு திருவிழா. வருடக் கடைசி ஸ்டாக் எண்ணும் நாள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் ராத்திரி வரை பெட்டி எண்ணிக்கொண்டிருப்பார்கள். பருத்திப்பட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. நகரத்துப் பசங்கள் அலறும் அந்த கிளையன்ட் சைட்கள், பூந்தமல்லி வழியாகப் போனால் நமக்கு ஆபீஸை விடப் பக்கம்.

சி.ஏ. படிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்தில் இருந்து இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது. கற்றுக்கொள்ளக் கிடைக்கும் காலமும் அதே அளவு குறைந்தது என்பதால், எந்த நிறுவனத்தில் சேர்கிறோம் என்பது முன்பை விட முக்கியம்.

டைம்ஷீட்டில் வராத நேரம்

பருத்திப்பட்டில் இருந்து தரமணி போக வேண்டும் என்றால், ஆவடி ஸ்டேஷன் வரை பஸ் அல்லது ஷேர் ஆட்டோ, சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கிருந்து பூங்கா நகர் போய்ப் பறக்கும் ரயில். இல்லையென்றால் பூந்தமல்லி, போரூர், கிண்டி என்று சாலை வழி. போக ஒன்றரை, வர ஒன்றரை என்று குறைத்து வைத்தாலும் தினம் மூன்று மணி நேரம். 22 நாளுக்கு 66 மணி நேரம். எட்டு மணி நேரக் கணக்கில் எட்டு வேலை நாளுக்கும் மேல்! இந்த நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

அதனால் சம்பளம் பேசும்போது ‘வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ் வரணும்’ என்பதையும் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே பாருங்கள். இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை என்றால் மாதத்தில் சுமார் 25 மணி நேரம் திரும்பக் கிடைக்கும். போரூர் அருகே மணப்பாக்கம் டி.எல்.எஃப்., அம்பத்தூர் எஸ்டேட் ஐ.டி. பார்க்குகள், 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி பட்டாபிராம் டைடல் பார்க் என்று மேற்குப் பக்கமும் அலுவலகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி வரையிலான மெட்ரோ வழித்தடமும் இந்தப் பக்கத்துக் கணக்கை மாற்றும். சம்பளம் மூவாயிரம் குறைவாக இருந்தாலும் வீட்டுக்குப் பக்கத்து ஆபீஸ் தேவலை என்பது என் கட்சி. இருட்டுவதற்குள் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் ஒரு சுற்று நடக்க முடிகிற வேலை கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

புனேயில் நடந்தது

2024 மார்ச்சில் புனேயில் இ.ஒய். வலைப்பின்னலைச் சேர்ந்த தணிக்கை நிறுவனத்தில் 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர் சேர்ந்தார். அதுதான் அவருக்கு முதல் வேலை. ஜூலையில் இறந்துபோனார். செப்டம்பரில் அவர் அம்மா நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. ஓயாத வேலைப்பளுதான் மகளைக் கொண்டுபோனது என்று அவர் குற்றம்சாட்டியிருந்தார். வேலை அழுத்தம் காரணம் என்று நம்பவில்லை என்றது நிறுவனம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விசாரிப்பதாக அறிவித்தது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு நாடு முழுவதும் இந்தத் துறையில் வேலைபார்க்கும் இளைஞர்கள் தங்கள் ராத்திரிகளைப் பற்றி வெளியே பேச ஆரம்பித்தார்கள். மகன், மகள் லேப்டாப்போடு விழித்திருக்கும் வீடுகளில் பெற்றோரும் அதைப் படித்தார்கள்.

சட்டம் என்ன சொல்லுது? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 அலுவலகங்களுக்கும் பொருந்தும். அடிப்படை வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48. அதற்கு மேல் என்றால் ஓ.டி. ஆனால், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. சேர்ந்த ஒரே வருடத்தில் ‘அசிஸ்டன்ட் மேனேஜர்’ என்று கார்டு அடித்துக் கொடுப்பதற்குப் பின்னால் இப்படியும் ஒரு வசதி இருக்கலாம். பதவியின் பெயரை வைத்து மட்டும் இதை முடிவுசெய்ய முடியாது, உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 24 மணி நேரமும் திறந்திருக்க அனுமதி தந்த அரசாணையில், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்ய வைக்க அவர்களின் எழுத்துபூர்வ சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு கேப் புக் பண்ணிட்டு அந்தக் காசைத் திரும்பக் கேட்கக் கூச்சப்படும் தங்கைகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சங்கம் வைக்கலாமா? 2014 கடைசியில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் நடந்த ஆட்குறைப்புக்குப் பிறகு எழுந்த கேள்வி இது. ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-ல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது.

ஆஃபர் லெட்டரில் பென்சில் வைத்துப் படிக்க வேண்டியவை

முதலில் சி.டி.சி. ஆறு லட்சம் என்றால் மாதம் 50,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அதில் 60,000 ‘வேரியபிள்’ என்று வையுங்கள், அது வந்தால்தான் உண்டு. நிறுவனத்தின் பங்காகப் போகும் பி.எஃப்., 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிடித்தால் வருடத்துக்கு 21,600. அடிப்படைச் சம்பளம் பாதி என்றால் கிராஜுவிட்டிக்காக சுமார் 14,400. இதெல்லாம் கழித்தால் மாதம் சுமார் 42,000. உங்கள் பங்கு பி.எஃப்., தொழில்வரி போகக் கைக்கு வருவது 40,000 பக்கம்.

அடுத்து பாண்ட். ‘பாண்ட் எல்லாம் கோர்ட்டுல நிக்காது’ என்று கேன்டீனில் ஒரு அண்ணன் கண்டிப்பாகச் சொல்வார். அவரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம், விஜயா பேங்க் வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஆட்தேர்வுக்குப் பெரும் செலவு செய்யும் பொதுத்துறை வங்கி. எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்று அர்த்தமில்லை, தொகை நியாயமானதாக இருக்க வேண்டும். ஆனாலும் ‘நிக்காது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலம் போய்விட்டது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் ஆபீஸில் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்க, சரிபார்க்கச் சொல்லுங்க, கையோட வாங்கிட்டு வந்துடுங்க.

‘வேலையை விட்ட பிறகு ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற வரி வேறு ரகம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-வது பிரிவின்படி, ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஆனால், கிளையன்ட்டின் ஃபைலை பென் டிரைவில் எடுத்துப் போனால் அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் செய்த மாடல், நீங்கள் செய்த ஸ்லைடுதான் என்றாலும் அது நிறுவனத்தின் சொத்து.

கடைசியாக, விலகும் விதம். நோட்டீஸ் பீரியட் 60 நாளா, 90 நாளா, பணம் கட்டி முன்னதாக விலகலாமா, அதை யார் முடிவுசெய்வது என்று சேரும்போதே பாருங்கள். அடுத்த கம்பெனி 30 நாளில் வரச் சொல்லும்போதுதான் பலருக்கு இந்த வரி கண்ணில் படுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒருவர் ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் அவருக்கு வர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்’ என்று ஹெச்.ஆரில் இருந்து மெயில் வந்தால், இந்த விதியைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு பதில் மெயில் போடுங்கள். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் ஆபீஸ் மெயில் ஐ.டி. முடங்குவதற்கு முன்பே சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.